விதைத்த கையும் வில்லேந்திய கையும்

பசித்த உயிருக்கு உணவளிப்பது அறம் என்பதில் எந்தச் சமயத்தாருக்கும், எந்த நாட்டாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. உண்பதற்காக வேட்டையாடுவது குற்றமன்று என்பதையும் உலக மக்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். ஆனால் இவ்விரு செயல்களையும் ஒரே மனிதன், ஒரே நிலத்தில், ஒரே விலங்கின்பால் நிகழ்த்துவானாயின் அதனை என்ன பெயரிட்டு அழைப்பது? வசந்தத்தில் விதை தூவி ஊட்டிய கை, இலையுதிர் காலத்தில் வில்லை வளைக்குமானால், முன்னது ஈகையா, சூழ்ச்சியா? தனித்தனியே குற்றமற்ற இரண்டு செயல்கள் ஒன்றுசேரும்பொழுது அவற்றிலிருந்து ஒரு குற்றம் பிறக்குமா? இவ்வினாவையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

இது பொழுதுபோக்காகப் புனைந்த வினா அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அரசுக் கணக்கின்படி, பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆன வேட்டைக்காரர்கள் ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் பேர். அவர்கள் பெரிதும் நாடும் விலங்கு வெள்ளைவால் மான். சொந்த நிலமுடைய வேட்டைக்காரர் பலர், தம் காட்டின் நடுவே ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி, மானுக்கென்றே பயிரிடுகின்றனர். அதனை அவர்கள் 'ஃபுட் பிளாட்' என்பர். நாம் தீவனப் பாத்தி என்போம். அறுவடை செய்து களஞ்சியம் நிரப்புவதற்காக அன்று அப்பயிர். மான் வந்து மேய்வதற்காக. மேய வரும் மானுள் ஒன்றை வேட்டைக்காலத்தில் வீழ்த்தலாம் என்பதற்காகவும்தான்.

அமெரிக்கக் காட்டு மானுக்கும் நமக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர் வினவக்கூடும். உறவு நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. நமக்கு எட்டு வயதிருக்கும்பொழுது, நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் வாப்பா ஓர் ஆட்டுக்கிடாவை வாங்கி வந்து முற்றத்தில் கட்டினார்கள். அதற்கு அகத்திக்கீரை ஒடித்துப் போடுவதும் தண்ணீர் காட்டுவதும் நம் பொறுப்பாயின. இரண்டு மாதங்களில் அது நம் காலடி ஓசையை அறிந்து கத்தத் தொடங்கிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் காலையில், "என் கையால் தின்றதே வாப்பா!" என்று அழுதோம். உம்மா நம்மை உள்ளே அழைத்துச் செல்ல முற்பட்டார்கள். வாப்பா தடுத்தார்கள். "அழட்டும். தான் கொடுப்பது இன்னதென்று பிள்ளைக்குத் தெரிகிறது. தெரியாமல் கொடுப்பதைவிட இது மேல்" என்றார்கள். அந்தச் சொல்லின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. இன்று தீவனப் பாத்தியைப் பற்றி எண்ணும்பொழுது அது மீண்டும் நம் செவியில் ஒலிக்கிறது.

எனினும் கிடாவும் மானும் ஒன்றல்ல. கிடா நம் உடைமை. கயிற்றில் கட்டிய நாள் முதல் அதற்கு உணவும் நீரும் நிழலும் தருவது நம் கடன், தராவிடின் பாவம். காட்டு மானோ எவருடைய உடைமையும் அன்று. அமெரிக்கச் சட்டமும் இவ்வாறே கூறுகிறது: நிலம் உரியவனுக்குச் சொந்தம், அதில் உலவும் காட்டு விலங்கு மக்கள் அனைவர்க்கும் பொது, அரசு அதற்கு அறங்காவலன். ஆகவே பாத்தி அமைப்போன் தனக்குச் சொந்தமில்லாத, தன்னிடம் எதுவும் வேண்டாத ஓர் உயிரை, தானே வலிய அழைக்கிறான். கடனால் ஊட்டுபவனுக்கும் அழைத்து ஊட்டுபவனுக்கும் உள்ள வேற்றுமையிலேதான் நம் வினா தங்கியிருக்கிறது.

மண் கற்பிக்கும் பாடம்

முதன்முறையாகப் பாத்தி அமைக்க விழைவோன், கடைக்குச் சென்று அழகிய மான்படம் பொறித்த விதைப்பையை வாங்குவதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறான். அனுபவமுடையோர் அவனைத் தடுத்து, முதலில் மண்ணைப் பார் என்பர். நிலத்தில் பல இடங்களில் சிறிது சிறிதாக மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, வேளாண்மைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். மரங்களை அகற்றித் திருத்திய காட்டு மண் பெரும்பாலும் புளிப்பேறியிருக்கும். அத்தகைய மண்ணில் எவ்வளவு உரமிட்டாலும் பயிரால் அதை நன்கு உண்ண இயலாது. காடித்தன்மையின் அளவு 6க்கும் 7க்கும் இடையே வரும்வரை சுண்ணாம்புக்கல் தூளை இட வேண்டும். பல நிலங்களுக்கு ஏக்கருக்கு ஒன்றிரண்டு டன் தேவைப்படும். அதுவும் மண்ணோடு கலந்து பயன்தரப் பல மாதங்களாகும். எனவே இலையுதிர் காலத்தில் விதைக்க எண்ணுபவன் வசந்தத்திலேயே சுண்ணாம்பு இட்டுவிடல் வேண்டும். அவசரக்காரனுக்கு மண் செவிசாய்ப்பதில்லை.

அடுத்து இடம். நாளில் சில மணி நேரமேனும் நேர் வெயில் படவேண்டும். நீர் தேங்கலாகாது. பொதுச்சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியலாகாது. மான் அச்சமிகு பிராணி; திறந்த வெளியின் நடுவே நிற்க அஞ்சும். ஆதலால் காட்டின் ஓரத்தை ஒட்டி, அகலத்தைவிட நீளம் மிகுந்த வடிவில் பாத்தியை அமைப்பர். முதன்முறை செய்பவனுக்குக் கால் ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை போதும் என்பது வழக்கு. ஆனால் மான்கள் மிகுந்த இடத்தில் பாத்தி மிகச் சிறிதாயின், பயிர் விரலளவு உயர்வதற்குள் அனைத்தும் தின்று தீர்க்கப்பட்டுவிடும்.

பிறகு விதை. தொடக்கக்காரர்க்கு உகந்தவை கோதுமையும் ஓட்ஸும் குளோவரும். குளோவர் என்பது மூவிலையாய்ப் படரும் தீவனப் பயிர். நம் உழவர் விதைக்கும் சணப்பையையும் பயறு வகைகளையும் போலவே, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து மண்ணுக்குத் தருவது. வெள்ளைக் குளோவரைத் தனியே விதைப்பதாயின் ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று கிலோ விதை போதும். கடுகினும் சிறிய அவ்விதையைக் கால் அங்குலத்துக்குக் கீழே புதைத்தால் முளைக்காது. மேலாகத் தூவி உருளையால் அழுத்தினாற் போதும். ஓட்ஸும் கோதுமையும் ஓரங்குல ஆழம் தாங்கும். நம் காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியின் இலையையும், டர்னிப் கிழங்கின் தழையையும், சோயாவையும்கூட மானுக்காகப் பயிரிடுவர். குளோவரைக் களையெடுத்துப் பேணினால் சில ஆண்டுகள் நிலைத்திருக்கும். ஓட்ஸோ கடும் பனியில் மடியும்.

இறுதியாக ஒரு செயல். பாத்தியின் நடுவே இடுப்பளவு உயரமுள்ள ஒரு கம்பிவலைக் கூண்டை வட்டமாக நிறுத்துவர். கூண்டுக்குள் பயிர் எவராலும் தீண்டப்படாமல் வளரும். வெளியே மான் மேயும். உள்ளே முழங்காலளவும் வெளியே விரலளவும் பயிர் நிற்குமாயின், எவ்வளவு உண்ணப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரியும். கூண்டு இல்லையேல், பயிர் முளைக்கவே இல்லை என்றோ, மான் வரவே இல்லை என்றோ மனிதன் தன் விருப்பம்போல் சொல்லிக்கொள்வான்.

இவ்விவரங்களை இத்துணை விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. ஒருவனது எண்ணம் அவன் நெஞ்சில் மறைந்திருப்பது என்று பொதுவாகக் கருதுகிறோம். பாத்தி விஷயத்தில் அது பெரும்பாலும் மண்ணிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. எப்பொழுது விதைத்தான், எதை விதைத்தான், எவ்வளவு அகலமாக விதைத்தான், தன் பரணை எங்கே கட்டினான் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கிடைத்தால், அவன் வாய்திறவாமலே அவன் நோக்கத்தை ஏறக்குறைய அறிந்துவிடலாம்.

விருந்தும் கண்ணியும்

இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் ஏக்கர் அளவில் குளோவர் விதைக்கிறான். மே, ஜூன் மாதங்களில் பிணைமான் மறி ஈன்று பாலூட்டும் காலம். கலைமானுக்குப் புதுக்கொம்பு வளரும் காலம். சத்துள்ள பசுந்தழை மிகவும் வேண்டப்படும் அந்நாட்களில் அவன் பாத்தி பசுமையாய் நிற்கிறது. வேட்டைக்காலம் தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் அது மானுக்கு உதவுகிறது. அவன் பரண் பாத்தியின்மேல் இல்லை. காட்டுத்தடத்தில், தொலைவில் இருக்கிறது.

மற்றொருவன் ஆகஸ்டுக் கடைசியில், பரணுக்கு முன்னே முப்பது தப்படி தொலைவில், ஒரு வீட்டு மனையளவு நிலத்தைக் கீறி ஓட்ஸ் தூவுகிறான். மான் தலைதாழ்த்தி மேயும் நேரத்தில் அம்பு தொடுக்க ஏற்றவாறு காற்றின் திசையையும் நிழலையும் கணக்கிடுகிறான். வேட்டைக்காலம் முடிந்ததும் அந்நிலத்தை மறந்துவிடுகிறான்.

இருவர் செய்ததற்கும் உலகம் இடும் பெயர் ஒன்றே; சட்டமும் இருவரையும் ஒன்றாகவே பார்க்கிறது. அறமோ பார்ப்பதில்லை. மரம் நட்டவனின் கனியையோ பயிரிட்டவனின் கதிரையோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவனுக்குத் தருமமாக எழுதப்படும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை என்பதை நாம் அறிவோம். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பதும் அவர்கள் போதனையே. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், முதலாமவன் விதைத்தது முழுத் தருமம் என்று சொல்லத் துணியாவிட்டாலும், தருமத்தின் பங்கு அதில் உண்டு எனலாம். இரண்டாமவன் விதைத்தது பச்சை நிறக் கண்ணி.

இங்கு ஒரு தடை எழும். முதலாமவனும் வேட்டைக்காரன்தானே? மானே வேண்டாமென்றால் அவன் சுண்ணாம்பு சுமந்திருப்பானா? உண்மை. அவன் எண்ணமும் கலப்படமானதே. ஆனால் கலப்பற்ற எண்ணத்தோடு மனிதன் செய்யும் செயல்கள் எத்தனை? பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தையின் நெஞ்சில் முதுமைக்கால ஆதரவு பற்றிய நினைவு ஒரு மூலையில் இல்லையா? கலப்பு இருக்கிறதா என்று கேட்பதால் பயனில்லை. பயனை நீக்கிய பின்னும் நன்மை எஞ்சுமா என்று கேட்க வேண்டும். நாம் முன்வைக்கும் உரைகல் இதுவே: வேட்டைக்காலம் முழுவதும் அம்மனிதன் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தால், அவன் விதைத்தது மானுக்கு நன்மையாக நிற்குமா? முதலாமவன் பாத்தி நிற்கும். இரண்டாமவனது, பத்துநாள் மேய்ச்சலுக்குப் பின் வெற்றுத்தரை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பாத்தியின்மேலேயே அடிக்கடி வேட்டையாடினால் மான்கள் அவ்விடத்தைப் பகலில் அணுகாமல் இருட்டிய பின்னரே வரக் கற்றுக்கொள்கின்றன. ஆதலால் தேர்ந்த வேட்டைக்காரர் பலர், பாத்தியைப் புகலிடமாக விட்டுவிட்டு வழித்தடத்திலேயே காத்திருக்கின்றனர். திறமையும் அறமும் இங்கே ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆயினும் திறமைக்காக விலகி நிற்பவனை அறவோன் என்று அவசரப்பட்டுப் பாராட்டவேண்டியதில்லை. நன்மை இலாபத்தோடு ஒத்துப்போகும் நாட்களில் எவரும் நல்லவரே.

எழுத்தும் பொருளும்

சட்டம் என்ன சொல்கிறது? இடம்பெயரும் நீர்ப்பறவைகளைத் தானியம் தூவி ஈர்த்து வேட்டையாடுவதை அமெரிக்க மத்திய அரசு 1935ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. மானைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பல மாநிலங்களில் மக்காச்சோளத்தைக் குவித்துவைத்து மானை வரவழைத்துச் சுடுவது குற்றம். அதே மக்காச்சோளத்தை விதைத்து வளர்த்து அதன் ஓரத்தில் காத்திருப்பது குற்றமன்று. பயிரிட்ட வயலில் கதிரை அங்கேயே வெட்டிச் சாய்த்துவிட்டு அதன்மேல் வேட்டையாடுவது, மத்திய விதிப்படி, புறாவுக்கு ஆகும், வாத்துக்கு ஆகாது!

இவ்வேற்றுமைகளுக்கு அறிவுக்கொத்த காரணங்கள் இல்லாமலில்லை. குவியலில் பல மான்கள் மூக்கோடு மூக்கு உரச நின்று உண்கின்றன. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடையே முதன்முதல் காணப்பட்ட உருக்கி நோய், 2002இல் விஸ்கான்சின் காட்டு மான்களிடத்தும் கண்டறியப்பட்டது. மூளையைத் துளைத்துக் கொல்லும் அந்நோய்க்கு மருந்தில்லை. அதன் நச்சுப்பொருள் மண்ணில் பல ஆண்டுகள் தங்குகிறது. மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லையெனினும், நோயுள்ள வட்டாரங்களில் இறைச்சியைச் சோதித்த பின்னரே உண்ணுமாறு அறிவுறுத்துகின்றனர். ஏக்கர்க்கணக்கில் பரந்து மேயும் பயிரைவிடக் குவியலில் அந்த அபாயம் மிகுதி. இன்னொன்றும் உண்டு. கடுங்குளிரில் மரக்குச்சிகளை உண்டு பழகிய மானின் இரைப்பைக்குத் திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால், அது புளித்து மானைக் கொன்றேவிடும். வயிறு நிறைந்தபடியே சாகும் மான்களுண்டு. அறியாத ஈகையும் கொலையாகலாம்.

ஆயினும் சட்டத்தின் எழுத்தை மட்டும் பற்றிக்கொண்டு மனச்சான்றை உறங்கவைப்போர் எங்கும் உளர். சனிக்கிழமையில் மீன்பிடித்தல் விலக்கப்பட்ட ஒரு கடற்கரைச் சமூகத்தைப் பற்றித் திருக்குர்ஆன் கூறும் வரலாற்றை நம் வாசகர் அறிவர். அந்நாளில் மட்டும் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து துள்ளின. அவர்களுள் சிலர் முன்னாளே வலை விரித்தும் பள்ளம் வெட்டியும் வைத்து, மறுநாள் சென்று அள்ளினர் என விரிவுரையாளர் கூறுவர். சனிக்கிழமையன்று அவர்கள் கை எதையும் தொடவில்லை. எனினும் பழியினின்று தப்பவில்லை. சோளத்தைக் கொட்டினால் குற்றம், விதைத்தால் குற்றமில்லை என்று அறிந்து, கொட்டுவதற்கு ஈடாகவே விதைப்பவன் இவ்வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அல்மாயிதா அத்தியாயத்திலோ இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. இஹ்ராம் அணிந்தோர்க்கு வேட்டை விலக்கப்படும் அவ்விடத்தில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகள் வருவதே நம்பிக்கையாளர்க்கு ஒரு சோதனை என்னும் கருத்து வருகிறது. தேடிச் சென்று களைத்து வீழ்த்துவது ஒன்று. எளிதாக எட்டிவிடுவது மற்றொன்று. எளிமையே சோதனை! தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தோற்றுவித்த பூன் அண்டு கிராக்கெட் சங்கம் வலியுறுத்தி வரும் நேர்மையான வேட்டை என்னும் நெறியும் இதனோடு ஒத்ததே: விலங்குக்குத் தப்பிச்செல்லும் வாய்ப்பு மெய்யாகவே இருக்க வேண்டும். தன் பாத்தியில் நிற்கும் மானுக்கு அவ்வாய்ப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் கோல் விதைத்தவன் கையில்தான் இருக்கிறது.

ஊட்டுவோன் ஏற்கும் கடன்

அப்படியாயின், ஊட்டிவிட்டு வேட்டையாடாமல் இருந்துவிட்டால் அறம் முழுமையாகுமன்றோ என்று இளகிய நெஞ்சினர் கேட்பர். நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைந்துவிட்டன என மதிப்பிடுகின்றனர். சந்தைக்காக வரம்பின்றிச் சுட்டதும் காடழிந்ததும் காரணங்கள். சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநிலம் கடத்தி விற்பதை அதே 1900இல் லேசி சட்டம் தடுத்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை வனவிலங்கு மீட்புக்கே ஒதுக்கியது; அவ்வரி இன்று 11 சதவீதம். வேட்டைக்காரன் கொடுத்த காசில் மான் மீண்டது. இன்று அவை மூன்று கோடியளவில் உள்ளன என்பர். ஆனால் மானை உண்டு வாழ்ந்த ஓநாயும் மலைச்சிங்கமும் பல மாநிலங்களில் மீளவில்லை. விளைவு என்ன? மான் மிகுந்த காடுகளில் இளமரக் கன்றுகளும் காட்டுப்பூச் செடிகளும் மானின் வாய்க்கு எட்டும் உயரம்வரை துடைத்தெடுத்தாற்போல் காணப்படுகின்றன. மூத்த மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின் நிற்கப் பிள்ளைகள் இல்லை.

அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் 1906ஆம் ஆண்டு விலங்குப் புகலிடம் அமைத்து, மான்களைக் காப்பதற்காக அவற்றின் பகை விலங்குகளைக் கொன்றொழித்தனர். மான்கள் பெருகின, தழை தீர்ந்தது, 1920களில் பட்டினியால் மடிந்தன. பெருக்கத்தின் அளவு பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. மடிந்தது பற்றி வாதம் இல்லை.

இப்பாடத்தைத் தம் வாழ்வில் கற்றவர் ஆல்டோ லியோபோல்டு. இளமையில் வனத்துறை அலுவலராக ஓநாயைச் சுட்டவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று நம்பியவர். 1933இல் வேட்டை விலங்குப் பராமரிப்புக்கு நூல் இயற்றினார். 1935இல் விஸ்கான்சினில் உழுது களைத்துப்போன ஒரு பண்ணையை வாங்கி, குடும்பத்தோடு ஆண்டுதோறும் மரக்கன்று நட்டார். பின்னாளில், மான்களின் தொகையைக் குறைக்கவேண்டும், கொம்புள்ள கலையை மட்டுமன்றிப் பிணையையும் வேட்டையாடவேண்டும் என்று வாதிட்டார். 1943இல் விஸ்கான்சினில் அவ்வாறே அனுமதிக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. மானை நேசித்தவர்களே அவரை ஏசினர். 1948இல் அவர் மறைந்தார். மறுவருடம் வெளிவந்த அவரது நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு கசப்பானது. தீவனம் மிகுந்தால் மறிகள் மிகுதியாகப் பிழைக்கும். பிழைத்தவை அடுத்த ஆண்டு உன் பாத்தியோடு நில்லாமல் அண்டையான் சோயா வயலையும், அரசின் காட்டையும் மேயும். சாலையில் வண்டிகளின் குறுக்கே பாயும். எனவே ஊட்டியவன் கணக்குத் தீர்க்காமல் ஒதுங்கிக்கொள்ள இயலாது. விதைப்பது ஒரு செயலோடு முடிவதில்லை. அது ஒரு பொறுப்பை, நம் மொழியிற் சொன்னால் ஓர் அமானத்தை, ஏற்பது. பாத்தி அமைத்துவிட்டுச் சுவரில் மாட்டப் பெருங்கொம்புள்ள கலையை மட்டும் தேடி, பிணைகளைப் பெருகவிடுபவன் அமானத்தைப் பேணாதவன். அவன் ஊட்டியது மானை அன்று, தன் கொம்பாசையை. இறைச்சியைத் தானும் உண்டு, மிஞ்சியதை எளியோர்க்கு வழங்கும் அமைப்புகளிடம் ஒப்படைக்கும் வேட்டைக்காரரும் அந்நாட்டில் உள்ளனர். இவ்விரு சாராரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இன்னும் ஒன்று கூறவேண்டும். காட்டியல் அறிந்தோர் பலர், மானுக்கு உதவ விரும்புவோன் முதலில் தன் காட்டில் நெருங்கி நிற்கும் சில மரங்களை வெட்டி வெயிலை உள்ளே விடட்டும் என்கின்றனர். அப்பொழுது விதைக்காமலே இயற்கையான தழையும் கொடியும் ஏராளமாக முளைக்கும். பாத்தி அளிப்பதோ மானின் ஆண்டுணவில் சிறு பங்கே. காடு உணவளிக்கிறது, மனிதன் ஒரு கவளம் சேர்க்கிறான். இதனை உணர்ந்தவனுக்கு, 'இவை நான் வளர்த்த மான்கள்' என்னும் செருக்கு வராது.

பிணை

நம் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. அதனைச் செவியுற்று உருகாத தமிழ் முஸ்லிம் இல்லம் அக்காலத்தில் அரிது. வேடன் ஒருவன் பிணைமான் ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். பால் குடிக்கும் மறி காட்டில் பசித்திருக்கிறது. பாலூட்டித் திரும்புவேன் என்று மான் வேண்ட, நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக வேடனிடம் நிற்கிறார்கள். மான் சென்று, சொன்ன சொல் தவறாமல் மீண்டு வருகிறது. கண்ட வேடன் நெஞ்சு மாறுகிறது.

பெண்மானுக்கும் ஈட்டுறுதிக்கும் நம் மொழியில் ஒரே சொல் வாய்த்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அப்படலத்தில் நம் வினாவுக்குத் திறவுகோல் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அங்கு வேட்டை பாவமென்று வேடனுக்கு உபதேசம் செய்யப்படவில்லை. அவனது உரிமை மதிக்கப்பட்டது. அதனால்தான் பிணை தேவைப்பட்டது. அதே வேளையில் மானின் தாய்மையும் அதன் சொல்லும் மதிக்கப்பட்டன. உண்பவனுக்கும் உண்ணப்படுவதற்கும் இடையே ஒருவர் பொறுப்பேற்று நின்றார். இன்றைய வேட்டைநிலத்தில் அப்படி இடைநின்று பொறுப்பேற்க வேறு எவரும் வரப்போவதில்லை. விதைத்தவனே அம்மானுக்குப் பிணையாளி. தன் வில்லுக்கு எதிராகத் தானே பிணை நிற்கவேண்டியவன் அவன்.

அவ்வாறு நிற்பதென்றால் என்ன? நாம் கருதுவன சில. வேட்டைக்குரிய சில வாரங்களுக்காக அன்றி ஆண்டு முழுவதற்குமாக விதைக்கட்டும். மானுக்குத் தப்ப வழியிருக்குமாறு பரணைத் தள்ளி அமைக்கட்டும். காடு தாங்கும் அளவறிந்து, தேவைப்படின் கொம்பற்றதையே வேட்டையாடி, வீழ்த்தியதை வீணாக்காமல் உண்ணட்டும். இவையனைத்துக்கும் முன்னதாக, முதற்பாத்தி பசுமையேறிய அந்த முதல் ஆண்டில் வில்லை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பரணில் சில மாலைகள் அமர்ந்திருக்கட்டும். எத்தனை வருகின்றன, எந்தப் பிணைக்கு எத்தனை மறி, எது நொண்டுகிறது, எது அஞ்சி ஓரத்திலேயே நிற்கிறது என்பதை அறியட்டும். அறிந்த பின்னும் அடுத்த ஆண்டு அவன் வேட்டையாடக்கூடும். நாம் அதனைத் தடுக்கவில்லை. இன்னதென்று அறியாமல் கொல்வதினும் அறிந்து எடுப்பது மேல் என்றே கூறுகிறோம்.

இவ்வளவும் செய்த பிறகு அவன் நெஞ்சு முற்றிலும் அமைதியுறுமா? உறாது, உறவும் வேண்டாம். ஊட்டிய கையாலேயே எடுக்கும்போது உள்ளத்தில் எழும் அந்த நடுக்கத்தை வாதங்களால் போக்கிவிட முடியுமென்றால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டோம். அந்நடுக்கம் உள்ளவரை மனிதன் அளவோடு எடுப்பான். அது போய்விட்டால் அவனுக்கு எந்தப் பாத்தியும் போதாது. அன்று முற்றத்தில் நம்மை அழவிட்டு நின்ற வாப்பாவின் கண்களும் கலங்கியிருந்தன என்பதை, பல ஆண்டுகள் கழித்து உம்மா சொல்லித்தான் நாம் அறிந்தோம்.